மூட்டைக்குக் கயிறு உண்டு; குழந்தைக்கு?

திருப்பூரில் காலை 8 மணி. பல்லடம் ரோட்டில் ஒரு மொபெட் போகிறது.

ஓட்டுகிறவர் அப்பா. அவருக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், 3 வயதுப் பையன் நிற்கிறான். பின்னால் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண். அவளுக்கும் பின்னால் அம்மா. அம்மாவின் மடியில் சாப்பாட்டுக் கூடை.

மாலையில் அதே வண்டியைப் பாருங்கள். பின் சீட்டைக் கழற்றியாகி விட்டது. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பனியன் மூட்டை! வீட்டில் வைத்துப் பிசிறு வெட்டுவதற்காகப் போகிற துணி அது.

அந்த மூட்டையை அவர் எப்படிக் கட்டியிருக்கிறார்? பழைய டியூபை வெட்டி எடுத்த ரப்பர் பட்டையால், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கிறார். கட்டிய பிறகு, கையால் ஆட்டிப் பார்க்கிறார். அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் வண்டியை எடுக்கிறார். ஒரு பீஸ் சேற்றில் விழுந்தாலும் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்!

காலையில் முன்னால் நின்ற பையனை எது பிடித்துக்கொண்டிருந்தது? ஒன்றும் இல்லை. அவனுடைய இரண்டு கைகள்தான்.

அப்பாவுக்குப் பாசம் இல்லையா? நிறைய உண்டு. அந்தப் பிள்ளைக்காகத்தான் ஒன்றரை ஷிப்ட் வேலை செய்கிறார். ஆனால் மூட்டை கட்டுவதற்கு இந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. குழந்தையைக் கட்டுவதற்கு வழக்கம் இல்லை. குறை அங்கேதான்.

மொபெட் வந்த கதை

முன்பெல்லாம் சைக்கிள்தான் குடும்ப வண்டி. முன் கம்பியில் பிள்ளை, பின் கேரியரில் மனைவி அல்லது மூட்டை. 1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் போகக்கூடிய மொபெட். கியர் இல்லை. சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே காலி இடம். அந்த இடத்தில் அரிசி மூட்டை வைக்கலாம். பால் கேன் வைக்கலாம். ஆகவே பால்காரர் வாங்கினார்; காய்கறிக்காரர் வாங்கினார்; பனியன் தொழிலாளியும் வாங்கினார்.

சுமை வைக்கத்தான் அந்த இடம். அங்கே குழந்தையை நிறுத்தியது மக்கள்.

"ஒரே வண்டியில் நாலு பேரா?" என்று காரில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பது சுலபம். அப்பாவுக்கு ஒரு கம்பெனி, அம்மாவுக்கு வேறு கம்பெனி. இரவு வேலை முடிகிற நேரத்துக்கும் பஸ் வருகிற நேரத்துக்கும் பொருத்தம் இல்லை. சனிக்கிழமை வாங்குகிற சம்பளத்தில் தினமும் ஆட்டோ வைக்க முடியுமா? இன்னொரு வண்டிதான் வாங்க முடியுமா?

ஆனால் சிரிக்கிறவர்கள் சொல்வதில் ஓர் உண்மையும் இருக்கிறது. திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? பின்னால் இருக்கிற மூன்று பேருடைய பாரமும் முன்னால் தள்ளும். நடுவில் நசுங்குவது சின்னப் பையன். அவன் மார்புக்கு நேரே இருப்பது இரும்புக் கைப்பிடி.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, இருசக்கர வண்டியில் ஓட்டுகிறவரோடு இன்னும் ஒருவர்தான் போகலாம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் வேண்டும்.

2022-ல் மத்திய அரசு இன்னொரு விதி போட்டது. 2023 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டை வேண்டும்; தலைக்கவசம் வேண்டும்; வண்டி மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

விதி வந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அது பெரிய இயந்திரம் அல்ல. குழந்தைக்குச் சட்டை மாதிரி போடுகிற ஓர் உடுப்பு. அதில் இருக்கும் பட்டைகளை ஓட்டுகிறவர் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். நைலான் துணி; உள்ளே பஞ்சு போன்ற நுரை. 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும். அவ்வளவுதான்.

உலகத்துக்கே உடுப்புத் தைக்கும் ஊர் திருப்பூர். இந்த ஓர் உடுப்பைத் தைக்க ஆள் இல்லையா? தையல் தெரிந்த தாய்மார்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். முறையாகச் சோதித்து, காதர்பேட்டைக் கடைகளில் பனியனோடு தொங்கவிட்டால் யாரும் வாங்குவார்கள். தீபாவளிக்குப் போனஸ் கொடுக்கிறார்கள் முதலாளிகள். சின்னக் குழந்தை உள்ள தொழிலாளிக்கு அதோடு இதையும் ஒன்று கொடுத்தால் என்ன?

பெரிய பிள்ளைக்கு?

நான்கு வயது தாண்டிய பெண்ணை எங்கே உட்கார வைப்பது? இதற்கு மொபெட்டில் விடை இல்லை. உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதுக்கோட்டையில் 1991-92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். சிலருக்கு அதுவே பிடித்தது. ஏன் தெரியுமா? முன் கம்பியில் குழந்தையை வைத்துக்கொள்ளலாமே!

டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் 1984-ல் ஒரு சைக்கிள் செய்தார்கள். முன்னால் இரண்டு சக்கரம். பின்னால் ஒரு சக்கரம். முன்னால் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பிள்ளைகள் பட்டை போட்டு உட்காருவார்கள். மளிகைச் சாமானும் அதிலேயே வரும். இன்று அந்த ஊரில் அது சாதாரணக் காட்சி.

இங்கேயும் வெல்டிங் பட்டறைகள் உண்டு. சாமான் ஏற்றும் மூன்று சக்கர சைக்கிளைத் தெரியாதவர் யார்? பள்ளிக்கூடம் ஒரு மைல் தூரத்துக்குள் இருந்தால், அப்பா மொபெட்டில் வேலைக்குப் போகலாம். அம்மா பெட்டி சைக்கிளில் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வரலாம்.

ஆனால் ஒன்று. கோபன்ஹேகனில் சைக்கிளுக்குத் தனிப்பாதை இருக்கிறது. பல்லடம் ரோட்டில் இருப்பது லாரி. அந்த ரோட்டில் பெட்டி சைக்கிள் ஓட்டு என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. உள்தெருக்களில் தொடங்கலாம். பள்ளிக்கூடம் உள்ள தெருவில், காலை அரை மணி நேரமும் மாலை அரை மணி நேரமும் சரக்கு லாரியை நிறுத்தி வைக்க மாநகராட்சியும் போலீசும் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். அரை மணி நேரம் காத்திருந்தால் பனியன் கெட்டுப் போகாது.