ஆய்வகக் கணினிக்கு எந்தச் சாளர மேலாளர்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. டிபிஎம் 2.0 வசதி இல்லாத பழைய கணினிகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைப்பதில்லை. அவை ஆய்வக மூலையில் முடங்காதிருக்க லினக்ஸ் ஒரு வழி. அங்குதான் சாளர மேலாளர் பற்றிய கேள்வி எழுகிறது. திரையில் எந்தச் சாளரம் எங்கே இருக்க வேண்டும், எது முன்னே நிற்க வேண்டும் என்பதைக் கவனிக்கும் நிரல் அது.

கணினியில் தேர்ந்த ஆய்வு மாணவர் பலரின் விருப்பம் ஐ3. சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று மறைக்காமல், தளத்தில் ஓடு பதித்தாற்போல் அது தானே அடுக்கிவிடும்; விசைப்பலகையை விட்டுக் கை அகல வேண்டியதில்லை. ஒருபுறம் தரவு, மறுபுறம் ஆய்வேடு என்று உழைப்பவருக்கு அது வரமே. ஆனால் பலர் பகிரும் கணினியில் அது தவறான தேர்வு. முதன்முறை அமர்பவர் காண்பது ஏறத்தாழ வெற்றுத் திரை. தொடக்கப் பட்டியலும் இல்லை, சொடுக்கப் படவுருக்களும் இல்லை. குறுக்குவிசை அறியாதவர் எழுந்து போய்விடுவார். நிறுவியவர் பட்டம் பெற்று வெளியேறியதும் அக்கணினி மீண்டும் மூலைக்கே திரும்பும்.

1997-இல் தோன்றிய ஐஸ்டபிள்யூஎம் இதற்குப் பொருத்தமானது. பணிப்பட்டை உண்டு, பட்டியல் உண்டு, நினைவகத்தேவை மிகக் குறைவு. தோற்றம் பழையதுதான், ஆய்வகத்தில் அது குறையாகாது. தமிழ்த் தட்டச்சுக்கான ஐபஸ் மட்டும் இரண்டிலுமே தானாகத் தொடங்கும் என்று நம்ப முடியாது. தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கலாம். நிறுவுபவரே அதை எழுதிவைத்துவிட்டுப் போகலாம்.