பெரிய கூட்டில் சின்னத் தோட்டா

அண்ணன் சட்டையைப் பிடித்துத் தம்பிக்குத் தைத்துக் கொடுப்பது தாராவித் தையல்காரருக்குச் சாதாரண வேலை. துப்பாக்கியில் அந்த வேலை அத்தனை சுலபமில்லை. நீளமான தோட்டாவுக்காக அமைந்த ரைஃபிளில் குட்டைத் தோட்டாவைப் போட்டுச் சுடும் வித்தை, மேல்நாட்டு வேட்டைப் பிரியர்களுக்குப் பொழுதுபோக்கு. இந்தியாவிலோ ஓர் அரசுத் தொழிற்சாலையே அதைச் செய்தது. காரணம் பொழுதுபோக்கல்ல, நெருக்கடி.

1962 சீனப் போரில் ஜவான்களின் கையில் இருந்தது பெரும்பாலும் பிரிட்டிஷார் காலத்து .303 லீ-என்ஃபீல்ட். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். உலகப் படைகள் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்கேற்ற தானியங்கி ரைஃபிள்கள் போதிய அளவில் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத நிலை. கொல்கத்தாவுக்கு வடக்கே உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை ஒரு குறுக்கு வழி கண்டது: பழைய லீ-என்ஃபீல்ட் வடிவம், புதிய தோட்டா. ‘2ஏ’ பிறந்தது இப்படித்தான்.

.303 தோட்டாவின் மொத்த நீளம் சுமார் 78 மி.மீ. புதியது 71 மி.மீ. இந்த 7 மி.மீ. பார்க்கச் சின்னது, சிக்கலோ பெரியது. பழைய தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் அதை அறையின் வாயில் நிறுத்தும். புதியதற்குத் துருத்தும் விளிம்பு இல்லை; தோள்பட்டையில் தாங்கி நிற்கும். எனவே தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கி மாறியது. 12 தோட்டா கொள்ளும் புது மேகசின் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டைத் தோட்டாவுக்குத்தான் வேகம் அதிகம், அழுத்தமும் அதிகம். அதைத் தாங்க உறுதியான எஃகு தேவைப்பட்டது. அடுத்து வந்த ‘2ஏ1’ல் குறிபார்க்கும் அளவுகோலும் 2,000 கெஜத்திலிருந்து 800 மீட்டராகச் சுருங்கியது.

பிரிட்டனும் இதே வழியில் போனது. தன் பழைய லீ-என்ஃபீல்டை 7.62க்கு மாற்றி 1970ல் ‘எல்42’ என்ற குறிசுடும் ரைஃபிளாக்கியது. 1982 ஃபாக்லாந்து போரிலும் அது போனது. ஆனால் அங்கே அது தேர்ந்த சிலருக்கான ஆயுதம். இங்கே, ராணுவம் கழித்த பிறகும் லீ-என்ஃபீல்ட் குடும்பம் மாநிலக் காவலர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கியது.

அதற்கான விலை 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தெரிந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்கள் ஊருக்கு ரயிலேறும் அதே சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் இரண்டு பேர் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். எதிரே நின்ற காவலர்கள் சிலரிடம் .303, பலரிடம் வெறும் தடி. ஒருபக்கம் விசையை அழுத்தினால் 30 குண்டு. மறுபக்கம் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டும். நிலையத்தில் மட்டும் 58 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே மகாராஷ்டிரம் ‘ஃபோர்ஸ் ஒன்’ கமாண்டோ படையை அமைத்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை .303க்கு விடை கொடுத்ததோ 2020 குடியரசு தினத்தில்தான்.

தனி மனிதர் யாரும் இந்த ஒட்டுவேலையைச் செய்து பார்க்க முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பதும், மாற்றியமைப்பதும், பழுது பார்ப்பதும்கூடக் குற்றம். நியாயமான சட்டம்.

இஷாப்பூர் தொழிலாளிகளைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைச் செய்தார்கள், உறுதியாகவும் செய்தார்கள். நெருக்கடியில் ஒட்டுப் போடுவது சாமர்த்தியம்தான். நெருக்கடி போன பிறகும் ஒட்டுச் சட்டையோடு காவலரை வாசலில் நிறுத்தியதுதான் தவறு. அந்தத் தவறு தொழிற்சாலையில் நடந்ததல்ல, கோப்புகள் தூங்கிய இடங்களில் நடந்தது.