சர்க்கரை ஒருவருக்கு, பத்தியம் யாருக்கு?

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: அன்றிரவே அவர் தட்டில் சோறு போய்ச் சப்பாத்தி வந்துவிடுகிறது. காப்பியில் சர்க்கரை நின்றுவிடுகிறது. மற்றவர்கள் வழக்கம்போல் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமுமாகச் சாப்பிடுகிறார்கள். பத்தியக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த முறை சரியல்ல என்பது என் கருத்து.

முதலில் சப்பாத்தி. கோதுமையிலும் மிகுதியாக இருப்பது மாவுச்சத்துதான். நார்ச்சத்து சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஒரு கிண்ணம் சோற்றை விட்டுவிட்டு நான்கு சப்பாத்தி சாப்பிட்டால் லாபம் ஒன்றுமில்லை. வெல்லமும் தேனும் கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ என்பதே மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு.

இதில் நோயாளிக்கு மட்டும் என்று என்ன இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று கணக்கிட்டது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பும் அதிகம். ஆகவே தனிச் சமையல் வேண்டாம். வீட்டுச் சமையலே மாறட்டும். வளரும் பிள்ளைகள் சோற்றைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளட்டும், தடையில்லை.

நோய் வந்தவர் இல்லத்தரசி என்றால் நிலைமை இன்னும் மோசம். எல்லோருக்கும் சமைத்துக் களைத்தபின் தனக்கென்று தனியாக எதைச் செய்வார்? மிஞ்சியதைத்தான் சாப்பிடுகிறார். அவருக்காக ஒரு நாளாவது காய் நறுக்கிக் கொடுத்த கணவர்கள் எத்தனை பேர்?

குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சில சமயம் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். சொந்தபந்தம் அருகில் இல்லாத ஊரில் இதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டாமா?

அளவு குறைந்துவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. குறைந்ததே மாத்திரையால் இருக்கலாம். ஒரு நாள் கணக்கை நம்பாமல், ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைச் செய்து மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலோருக்கு அது 7 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பனியும் புகையும் சூழும் குளிர்காலத்தில் நடைப்பயிற்சியை விட்டுவிடாமல், வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் எல்லோருமாக நடக்கலாம்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். விழா என்றால் கேசரியும் பஜ்ஜியும்தான் என்றிராமல், சுண்டலையும் சர்க்கரை போடாத காப்பியையும் சேர்த்து வைக்கக்கூடாதா? புதிதாக நோய் கண்டவர் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்காமல், நம்மோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும்.