தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்கள்

“பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன வித்வான் நம் கலைக்கு என்ன செய்தார்?” குத்துக்கல்வலசையில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் சிலர் அடிக்கடி இப்படிப் பேசுகிறார்கள். ஊர்ப்பற்று போலத்தான் தோன்றும். எனக்கோ இது நன்றிகெட்ட பேச்சாகவே படுகிறது.

திருச்சி சங்கரனை எடுத்துக்கொள்வோம். 1942-இல் பிறந்தவர். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். இளம் வயதிலேயே பெரிய பாடகர்களுக்கு மிருதங்கம் வாசித்துப் பெயர் வாங்கியவர். 1971-இல் கனடா சென்று, டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து தென்னிந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார். ஹிக்கின்ஸ் வேறு யாருமல்ல, நாம் ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று கொண்டாடிய அமெரிக்கர்தான்.

அங்கே சங்கரனிடம் படிக்க வந்த பிள்ளைகளில் பலர் தமிழே கேட்டறியாதவர்கள். அவர்களைத் தாளம் போட வைத்து, ‘தகதிமி’ என்று வாயால் சொல்ல வைத்து, பிறகு தோலில் வாசிக்க வைத்தார். குருமுகமாக மட்டுமே வந்த கணக்குகளைப் பாடநூலாக எழுதினார்; கொன்னக்கோலுக்கென்றே ஒரு நூல் செய்தார். ஜாஸ் கலைஞர்களோடு வாசித்தார். இந்தோனேசிய கமெலான் வாத்தியக் குழுவுக்கும் இசை அமைத்தார். பல பத்தாண்டுகள் இந்த ஆசிரியப் பணி நடந்தது.

இங்கே நாம் என்ன செய்தோம்? தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபி குடிக்க எழுந்து போனோம். அவரோ அந்தத் தனி ஆவர்த்தனத்தையே பல்கலைக்கழகப் பாடமாக்கினார். யார் கலையைக் கைவிட்டவர்?

நான் சிறுவயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உடன் வாசிப்பதற்கு அந்த மொழியில் ‘அக்கொம்பாஞ்ஞே’ என்பார்கள். அதன் வேரைத் தோண்டினால் ‘ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன்’ என்ற பொருள் வரும். நாம் வைத்த பெயரோ ‘பக்கவாத்தியம்’. பெயரிலேயே ஓரமாக உட்கார வைத்துவிட்டோம். சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்கக்காரருக்கு முதலில் கிடைத்தது 1966-இல்தான், பாலக்காடு மணி ஐயருக்கு. சங்கரனின் குருவோ 1962-இலேயே மறைந்துவிட்டார். சீடருக்கு அந்த விருது வந்தது 2011-இல். கனடாவில் நாற்பது வருஷம் கழித்த பிறகு!

டிசம்பர் சீசனுக்கு விமானத்தில் வந்து, மேடை பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை. போன இடத்தில் நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்தாரா என்பதுதான் என் அளவுகோல். அதே அளவுகோலை உள்ளூரில் இருக்கிற நம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும்.

வைத்துப் பார்த்தால் தலை குனிய வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு மலைக்கு அந்தப்புறத்திலிருந்து செண்டை மேளம் வருகிறது. அந்தக் கலைஞர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நம் தவில்காரரிடம் மட்டும் ஏன் பேரம்? சில கோயில்களில் தீபாராதனைக்கு ஸ்விட்சைத் தட்டினால் மின்சார மேளம் அடிக்கிறது. ஆள் கூலி மிச்சமாம்! சித்திர சபையில் கூத்தனை வைத்துக் கும்பிடுகிற குற்றாலச் சீமையில் இப்படியா?

ஓய்வூதியர்கள் நாம் நிறையப் பேர் இருக்கிறோம். ஆளுக்கு மாதம் இருநூறு ரூபாய் போட்டால், ஒரு தவில் வித்வானை வாரம் ஒரு நாள் மாலையில் வரவழைத்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யலாம். முதல் இருநூறு என்னுடையது. அடுத்த இருநூறைத் தருகிறவர், வெளிநாடு போன வித்வான்களைப் பற்றி என்னிடம் தாராளமாகக் குறை பேசட்டும்.