இரண்டு கட்டத்துக் குதிரை

மத்தியானச் சாப்பாடு முடிந்து, அடுக்களையை ஒழித்துவிட்டு, பென்ஸிலும் கையுமாகக் குறுக்கெழுத்துப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறீர்கள். 'குதிரை - இரண்டு கட்டம்' என்று கேட்டிருக்கிறது. யோசிக்கவே வேண்டாம், கை தானாகவே 'பரி' என்று எழுதிவிடுகிறது. நிஜ வாழ்க்கையில் யாராவது குதிரையைப் பரி என்று கூப்பிட்டு நீங்கள் கேட்டதுண்டா? ஜட்கா வண்டிக்காரர்கூடக் கூப்பிட்டதில்லை!

என் பாட்டியிடம் இதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. இடது பக்கம் குறிப்பு, வலது பக்கம் விடை. யானை என்றால் கரி. சிங்கம் என்றால் அரி. மலைக்குக் கிரி, வண்டுக்கு அளி, வில்லுக்குச் சிலை, இரவுக்கு அல், பகலுக்கு எல். கடலுக்கு ஆழி, மோதிரத்துக்கும் அதே ஆழி, சக்கரத்துக்கும் அதேதான். குரங்குக்குக் கவி என்று எழுதியிருந்தாள். கவிஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அகராதியே அப்படித்தான் சொல்கிறது.

இந்தச் சொற்களே திரும்பத் திரும்ப வருவானேன்? போட்டி தயாரிப்பவருக்கு வேறு சொல் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலீஷ்காரருக்கு எழுத்து இருபத்தாறுதான். நமக்கோ 247. ஒரு கட்டத்தில் குறுக்கே போகும் சொல்லும் கீழே இறங்கும் சொல்லும் ஒரே எழுத்தில் சந்தித்தாக வேண்டும். அதோடு, தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. 'ம்', 'ல்' என்று புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. அதனால் அல்லும் எல்லும் பெரும்பாலும் மூலையில்தான் ஒதுங்கி நிற்கும். 'பரி'யின் கடைசி எழுத்திலிருந்து கீழே ஒரு சொல் இறக்க வேண்டுமென்றால் ரிஷியையோ ரிஷபத்தையோ வடக்கேயிருந்துதான் வரவழைக்க வேண்டும். 'சிலை' வந்து நின்றால் இன்னும் கஷ்டம். 'லை'யில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது? லைசென்ஸ்தான் கதி!

'திரும்பி நிற்கும் குதிரை', 'தலைகீழான யானை' என்றெல்லாம் குறிப்புகள் வருகின்றனவே, அது விளையாட்டுக்காக மட்டுமல்ல. குதிரையைத் திருப்பி 'ரிப' என்று நிறுத்தினால் முதல் கட்டத்திலேயே 'ரி' வந்துவிடுகிறது அல்லவா? தயாரிப்பவர் தப்பித்துக்கொள்கிற வழி அது. 'திரும்பி' என்று கண்டால், அங்கே முதலில் வரக் கூடாத எழுத்து ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பாதி விடையை ஊகித்துவிடலாம்.

இன்னொரு வேடிக்கை. ஓரெழுத்துச் சொற்கள் நாற்பத்திரண்டு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ஆ, கோ, தீ, மா என்று எவ்வளவு அழகான சொற்கள்! ஆனால் ஒற்றைக் கட்டத்தைக் குறுக்கெழுத்து ஒரு சொல்லாகவே மதிப்பதில்லை. அத்தனையும் வாசலோடு சரி.

எல்லாவற்றிலும் சமர்த்து 'தி'யில் முடிகிற கூட்டம்தான். மதி, நிதி, விதி, கதி, சதி, பதி, நதி. 'தி' சொல்லுக்கு முதலிலும் வரும், நடுவிலும் வரும், கடைசியிலும் வரும். திரு, திசை, திதி என்று கீழே இறங்கிக்கொண்டே போகலாம். என் பாட்டியைக் கவிழ்த்ததும் இந்தக் கூட்டம்தான்.

அது 1954-ஆம் வருஷம். பெரும் பரிசுகளைக் காட்டி, பிரவேசக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் கொடிகட்டிப் பறந்த சமயம். ஒரு பத்திரிகையில் குறிப்பு இப்படி வந்தது: 'குடும்பம் செழிக்க இது அவசியம்.' இரண்டாம் கட்டத்தில் 'தி' என்று அவர்களே அச்சிட்டிருந்தார்கள். முதல் கட்டம் காலி. மதியா, நிதியா? நீங்களே சொல்லுங்கள். இரண்டுமே சரிதானே? ஆனால் முத்திரை வைத்த உறைக்குள் இருக்கும் விடை ஒன்றுதான்.

குறிப்புக்குக் குறிப்பு இப்படி இரண்டாட்டம். எட்டுக் குறிப்புகள் அப்படி இருந்தால், எதையும் விடாமல் எழுதி அனுப்ப 256 கூப்பன்கள் வேண்டும். கூப்பனுக்கு நாலணா வீதம் 64 ரூபாய். தாத்தா கொண்டுவந்து கொடுக்கும் சம்பளத்தில் அது பாதிக்கு மேல். பாட்டி அவ்வளவு அனுப்பவில்லை. நாற்பது கூப்பன் அனுப்பினாள். பத்து ரூபாய். அதற்கு முந்தின மாதமும் பத்து, அதற்கும் முந்தின மாதம் எட்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பால் கணக்குக்குக் கீழே எல்லாம் குறித்திருக்கிறது. தாய் வீட்டில் கொடுத்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று, யாருக்கும் தெரியாமல் அடகுக் கடைக்குப் போயிருந்தது.

நாற்பதிலும் அவள் 'மதி' என்றே எழுதியிருந்தாள். விடை 'நிதி' என்று வந்தது.

இப்படி எத்தனை வீடுகளோ! 1955-ல் பரிசுப் போட்டிச் சட்டம் நிறைவேறி, அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. சென்னை ராஜ்யமும் அதில் அடக்கம். மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது. அதற்குள் நடத்தவும் லைசென்ஸ் வேண்டும். ஒரு போட்டிக்கு 2,000 கூப்பனுக்கு மேல் வாங்கக் கூடாது. போட்டி நடத்தியவர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1957-ல் கோர்ட் சட்டத்தை நிலைநிறுத்தியது. திறமையால் ஜெயிக்கிற போட்டிகளுக்கு இந்தத் தடை கிடையாது, அதிருஷ்டத்தை நம்பி நடப்பவற்றுக்குத்தான் என்றும் தெளிவாக்கியது.

பாட்டி அதற்குப் பிறகும் கட்டங்களை விடவில்லை. கூப்பன் வெட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள். விடையை அடுத்த இதழில் ஒத்துப் பார்ப்பதோடு சரி. நோட்டில் சொற்கள் கூடிக்கொண்டே போயின.

கிண்ணத்தின் விஷயம் தாத்தாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1958 பொங்கலுக்கு முன்னால் மீட்டுக்கொண்டு வந்து, அலமாரியில் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு மட்டும் நிதிதான் வேண்டியிருந்தது என்று பாட்டி பிற்பாடு சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். ஆனால் நோட்டில் 'குடும்பம் செழிக்க' என்பதற்கு எதிரே இன்றைக்கும் 'மதி' என்றுதான் இருக்கிறது. அடிக்கவில்லை.