குளிர்காலத் தோட்டமும் குடியிருக்கும் பூனைகளும்

இங்கிலாந்தின் நகரங்களில் ‘அலாட்மெண்ட்’ என்னும் வழக்கம் ஒன்று உண்டு. காய்கறி பயிரிட விரும்புவோர்க்கு உள்ளாட்சி மன்றம் சிறு நிலத் துண்டுகளை ஆண்டு வாடகைக்கு விடும். முழு அளவுத் துண்டு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். சென்னையில் ஒரு கிரவுண்டு என்பார்களே, அதைவிடச் சற்றே பெரியது. மக்கள் கேட்குமிடத்து இத்தகைய நிலம் வழங்கும் கடமையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி மன்றங்களின்மேல் சுமத்தியது. இரண்டாம் உலகப்போரின்போது உணவு குறைந்த நாளில் இத்துண்டு நிலங்கள் பல குடும்பங்களுக்குக் காய்கறி தந்தன.

குளிர்காலத்தில் இத்தோட்டங்கள் வெறிச்சோடிவிடும். டிசம்பர் இறுதியில் இலண்டனின் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்கும் குறைவு; அதே நாளில் தில்லியில் பத்து மணி நேரத்திற்கும் மேலாகப் பகல் நீடிக்கும். வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக், முட்டைக்கோசு இனக் கீரையாகிய கேல், பார்சினிப் கிழங்கு போன்ற சிலவே உறைபனியைத் தாங்கி நிற்கும். கோடையில் நாள்தோறும் வந்தோரும் அப்போது எப்போதாவதுதான் தலைகாட்டுவர். ஆயினும் மண்வெட்டியும் கூடையும் வைக்கும் மரக் கொட்டகைகளின் அடியில் உயிர்கள் ஒடுங்கிக் கிடக்கும். வழிதவறியவை, வளர்த்தோரால் கைவிடப்பட்டவை, அங்கேயே பிறந்தவை எனப் பூனைகள் பல அவ்விடத்தைத் தம் வீடாகக் கொள்கின்றன. அவற்றை அங்கே வாழவிடலாமா, அகற்றிவிட வேண்டுமா?

அகற்ற வேண்டும் என்பார் கூறும் காரணங்கள் பொருளற்றவை அல்ல. பூனைகள் விதைத்த பாத்தியைக் கிளறிக் கழிப்பிடமாக்குகின்றன. அக்கழிவில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். மண் வெட்டுவோரின் காலடிக்கே புழு தேடி வரும் ராபின் பறவையையும் பூனைகள் பிடித்துவிடும்.

எனினும், விரட்டுவது தீர்வாகாது என்பதே என் கருத்து. தோட்டத்தின் மட்குக் குவியலை நாடி எலிகள் வரும். எலியும் கொட்டகையும் இருக்கும்வரை, ஒரு பூனை போன இடத்திற்கு வேறொரு பூனை வந்து சேரும். நஞ்சு வைப்பதோ கொடுமை. அந்நாட்டின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றமும் ஆகும். மேலும், பூனை நம்மிடம் நேற்று வந்த உயிரன்று. சைப்ரசு தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். இவ்வளவு நெடுங்காலம் உடன் வாழ்ந்த உயிரைக் குளிர்நாளில் துரத்துவது அறமன்று.

ஆனால் தட்டில் உணவு வைப்பதோடு இரக்கம் நிறைவுபெறுவதில்லை. பெண் பூனை நான்கு மாத வயதிலேயே கருவுறக்கூடும்; ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் குட்டிகளை ஈனும். உணவு மட்டும் இட்டுவந்தால் கூட்டம் பெருகும். குளிர் தொடங்கும் வேளையில் பிறந்த குட்டிகள் உறைபனியில் மடியும். ஆகவே முதற்கடமை கருத்தடையே. பூனையைக் கூண்டு வைத்துப் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடும் முறை அங்கு வழக்கில் உள்ளது. அடையாளமாக இடக்காதின் நுனியைச் சிறிது நறுக்கிவிடுவர். அவ்விடத்திற்குப் பழகிய பூனைகள் அங்கேயே வாழும். எண்ணிக்கையும் நாளடைவில் குறையும்.

ஏனைய கடமைகள் எளியவை. கிண்ணத்து நீர் உறைந்தால் மாற்ற வேண்டும். படுக்கைக்குப் போர்வையைவிட வைக்கோலே நன்று. போர்வை ஈரத்தை உறிஞ்சிக் குளிரைக் கூட்டும். பாத்திமேல் வலை விரித்தால் விதை பிழைக்கும். கையுறை அணிந்து வேலை செய்து, காய்கறிகளைக் கழுவி உண்டால் நோயச்சம் குறையும். பறவைக்கான தீனியைப் பூனை எட்டாத உயரத்தில் தொங்கவிடலாம். இறைச்சி மிகுந்த உணவு பெற்ற வீட்டுப் பூனைகள் வேட்டையாடிக் கொணரும் இரை 36 விழுக்காடு குறைந்ததாக எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

மாணவர்களே, உங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியிலும் ஒரு பூனை குளிருக்கு ஒதுங்கியிருக்கலாம். அதற்குப் பால் ஊற்றுவதே கருணை எனப் பலர் எண்ணுவர். வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை. தூய நீரே போதும். அதனைத் துரத்த வேண்டும் என்போரிடமும், உணவு மட்டும் இட்டால் போதும் என்போரிடமும் கருத்தடை பற்றிப் பேசுங்கள். இரு சாராரும் ஒப்புக்கொள்ளத்தக்க வழி அதுவே.