பத்துக்கு எத்தனை? பாடசாலை தேடும் பெற்றோருக்கு ஒரு மடல்



வரும் செப்டெம்பரில் பாலர் வகுப்பில் காலடி வைக்கவிருக்கும் பிள்ளைகளுக்கான பதிவுக் காலம் இது. ஆண்டுதோறும் இப்பருவத்தில் பங்கு அலுவலகத்தின் கதவு ஓயாமல் தட்டப்படும். திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவோரை மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். ஆயினும், சான்றிதழைக் கையில் வாங்கியதும் பலர் கேட்கும் அடுத்த கேள்வியே இந்த நீண்ட மடலை எழுதத் தூண்டியது: “பாதர், அந்தப் பாடசாலைக்குப் பத்துக்கு எத்தனை?”

இந்தப் ‘பத்துக்கு எத்தனை’ நம் சமூகத்தைப் பிடித்த ஒரு நோய் என்றே சொல்வேன். கடுமையான சொல்தான். ஆனால் அந்த இலக்கத்துக்காக வீட்டை விற்று வேறு நகருக்குப் போகிறார்கள். இயலாத கடனில் வீழ்கிறார்கள். மாமாவின் முகவரியைத் தமது முகவரி என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். பிள்ளையின் கல்வி வாழ்வின் முதற்பக்கத்தையே பொய்யுடன் தொடங்கிவிட்டு, ஒழுக்கத்தைக் கற்றுத் தரும்படி ஆசிரியரிடம் கேட்பது எவ்வகையில் நியாயம்?

அந்த இலக்கம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒன்ராறியோவில் மூன்றாம், ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் ஈ.கியூ.ஏ.ஓ. என்னும் மாகாண அலுவலகம் பரீட்சை நடத்துகிறது. அந்தப் பெறுபேறுகளைக் கொண்டே, வன்கூவரைத் தலைமையிடமாகக் கொண்ட பிரேசர் நிறுவனம் ஒவ்வொரு பாடசாலைக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டுப் பட்டியல் வெளியிடுகிறது. வீட்டு விற்பனை முகவர்கள் அதைத் தங்கள் விளம்பரங்களில் ஒட்டிவைக்கிறார்கள். நாமோ அதை வேதவாக்காகக் கொள்கிறோம்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். மூன்றாம் வகுப்பில் 25 பிள்ளைகள் இருக்கும் பாடசாலையில் ஒரு பிள்ளை 4 வீதம். பரீட்சை வாரத்தில் இருவர் தடுமாறினால் 8 வீதம் சரியும். அடுத்த ஆண்டு வேறு 25 பிள்ளைகள் எழுதுவார்கள். பாடசாலை ஏறியும் விடும். அதே அதிபர், அதே ஆசிரியர்கள், அதே நூலகம். மாறியது என்ன? மேலும், பெற்றோரின் வருமானமும் படிப்பும் பிள்ளைகளின் பெறுபேற்றோடு நெருங்கிப் பிணைந்தவை என்பதைக் கல்வியியலாளர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையே குடும்ப வருமானம், பெற்றோரின் கல்வி முதலியவற்றைக் கணக்கிட்டுக் ‘கற்றல் வாய்ப்புச் சுட்டி’ ஒன்றை வைத்திருக்கிறது. எந்தப் பாடசாலைக்குக் கூடுதல் உதவி தேவை என்று அறிய அவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பட்டியலின் உச்சியில் நிற்கும் பாடசாலை நன்கு கற்பிப்பதால் அங்கே நிற்கிறதா, அதன் சுற்றாடலில் மருத்துவர்களும் பொறியியலாளரும் வாழ்வதால் நிற்கிறதா என்பதை அந்த இலக்கம் உங்களுக்குச் சொல்லாது.

இந்த நோயின் வேர் எனக்குத் தெரியாததல்ல. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற சொல்லே நம்மில் பலருக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், ஓரிரு புள்ளிகளால் ஒரு தலைமுறையின் பல்கலைக்கழகக் கனவைப் பறித்தது. புள்ளி போனால் வாழ்வே போயிற்று என்று அந்த மண்ணில் நாம் கற்றுக்கொண்டோம். ஆனால் ஒன்ராறியோவின் மூன்றாம், ஆறாம் வகுப்புப் பரீட்சைகள் எந்தப் பிள்ளைக்கும் எந்தக் கதவையும் அடைப்பதில்லை. அவை தவணை அறிக்கையின் புள்ளியிலும் சேர்வதில்லை. அங்கே பெற்ற காயத்துக்கு இங்கே பிறந்த பிள்ளையை ஏன் மருந்து குடிக்க வைக்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாது விட்டால் நான் மேய்ப்பன் அல்லன். சிலர் இலக்கத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசி, உண்மையில் வேறொன்றைத் தேடுகிறார்கள். “அங்கே ‘அந்த’ப் பிள்ளைகள் கூட, பாதர்” என்கிறார்கள். எந்தப் பிள்ளைகள்? அரச குடியிருப்புக் கோபுரங்களில் வாழும் பிள்ளைகளா? கறுப்பினப் பிள்ளைகளா? நேற்று வந்திறங்கிய அகதிப் பிள்ளைகளா? 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேர் யார்? நம்மவர். ஆங்கிலம் புரியாமல் ஸ்காபரோப் பாடசாலைகளின் கடைசி வாங்கில் இருந்த ‘அந்தப் பிள்ளைகள்’ நாம்தாம். அன்று எவரேனும் நம்மைக் கண்டு தம் பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்றியிருந்தால், அதற்கு நாம் என்ன பெயர் சூட்டியிருப்போம்? நாசரேத்தூரைப் பற்றி நத்தானியேல் எழுப்பிய ஏளனக் கேள்வியை நினைவுகூருங்கள். நம் ஆண்டவர் வளர்ந்ததும் எந்தப் பட்டியலிலும் முதலிடம் பெறாத ஊரில்தான்.

இனி, தனியார் பாடசாலைகளைப் பற்றி. ஆண்டுக்கு 40,000 டொலருக்கு மேல் அறவிடும் பழம்பெரும் நிறுவனங்கள் இந்நகரில் உள்ளன. அவற்றை விடுவோம், நம்முள் பெரும்பாலோருக்கு அது எட்டாத கொம்பு. நான் எச்சரிப்பது கடைத்தொகுதிகளின் மாடிகளில் சீருடையும் இலத்தீன் மொழியில் ஒரு முத்திரையும் வைத்துக்கொண்டு ‘உயர்தரக் கல்வி’ விற்பவர்களைப் பற்றி. பலருக்குத் தெரியாத உண்மை ஒன்றுண்டு. ஒன்ராறியோச் சட்டப்படி, கட்டாயக் கல்வி வயதுடைய ஐந்து மாணவர்கள் இருந்தால் தனியார் பாடசாலை தொடங்கலாம். கல்வி அமைச்சுக்கு ஆண்டுதோறும் அறிவித்தல் கொடுத்தால் போதும். தனியார் ஆரம்பப் பாடசாலைகளின் கற்பித்தலை அமைச்சு பரிசோதிப்பதில்லை. அங்குள்ள ஆசிரியர்கள் ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியில் பதிவு பெற்றிருக்க வேண்டியதில்லை. மாகாணப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. நல்ல தனியார் பாடசாலைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் நன்மையை அளந்தறியும் முழுப்பொறுப்பும் உங்களுடையது. இரண்டு வேலை செய்து கட்டணம் கட்டும் தந்தையை வாரத்தில் ஒருநாள்கூடப் பிள்ளை விழித்திருந்து காண்பதில்லை என்றால், நீங்கள் எதை விற்று எதை வாங்குகிறீர்கள்?

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மதியிறுக்கமோ வாசிப்பு இடர்ப்பாடோ உள்ள பிள்ளையை, ஊர் அறியக்கூடாதென்று சிறு தனியார் பாடசாலையில் மறைத்து வைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பொதுநிதி பெறும் பாடசாலையில் நீங்கள் எழுத்தில் கேட்டால், இனங்காணல், இடமளித்தல், மீளாய்வுக் குழுவின் முன் உங்கள் பிள்ளையின் விடயத்தை அதிபர் கொண்டுசென்றே ஆக வேண்டும். 15 நாள்களுக்குள் உங்களுக்குப் பதிலும் தர வேண்டும். இது சட்டம். தனியார் பாடசாலைக்கு இக்கடமை இல்லை. வெட்கத்தின் பொருட்டுப் பிள்ளையின் உரிமையைப் புதைக்காதீர்கள்.

“அப்படியானால் கத்தோலிக்கப் பாடசாலைதானே, பாதர்?” என்பீர்கள். ஆம், கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அதையே முதலில் பரிந்துரைப்பேன். செபத்தோடு தொடங்கும் நாள், பள்ளித் தோழரோடு சேர்ந்து பெறும் முதல் நன்மை, பெரும்பாலும் எட்டாம் வகுப்பு வரை ஒரே கூரை ஆகியவை சிறிய நன்மைகள் அல்ல. பொதுப் பாடசாலைகளில் பல, ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்போடு முடிந்து, பதினொரு பன்னிரண்டு வயதில் பிள்ளையை வேறோர் இடைநிலைப் பாடசாலைக்கு அனுப்பிவிடும். அந்த வயதின் மாற்றம் சிலருக்கு நல்லது, சிலருக்குக் கடினம். உங்கள் பிள்ளையை நீங்களே அறிவீர்கள்.

ஆனால் இந்தப் பாடசாலைகள் நமக்கு எவ்வாறு கிடைத்தன என்பதை மறவாதீர்கள். 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு அன்றைய சிறுபான்மையினரான கத்தோலிக்கருக்கு இவ்வுரிமையைக் காத்துத் தந்தது. நம் இந்து, இசுலாமிய அயலவருக்கு இவ்வுரிமை இல்லை. அவர்கள் செலுத்தும் வரியும் நம் பாடசாலைகளுக்கு வருகிறது. இது பாகுபாடு என்று 1999இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கூறியது. கியூபெக்கும் நியூபவுண்ட்லாந்தும் 1990களின் இறுதியில் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டன. பிறர் தோளில் ஏறி நின்று பெறும் உரிமையை ‘ஒழுக்கமான இடம்’, ‘சீருடை அழகு’ என்பதற்காக மட்டும் பயன்படுத்தி, ஞாயிறு திருப்பலிக்கு ஆண்டுக்கு இருமுறை வருவோமானால், அவ்வுரிமையைக் காத்துப் பேச நமக்கு என்ன வாய் இருக்கும்? பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்தது. செபமாலை உருளாத வீட்டின் குறையை எந்தப் பாடசாலையும் நிரப்பாது. பொதுப் பாடசாலையில் பிள்ளை படித்தாலும், வீட்டிலும் மறைக்கல்வி வகுப்பிலும் விசுவாசத்தை ஊட்டுவீர்களாயின், நீங்கள் கடமை தவறியவர்கள் அல்லர்.

அப்படியானால் எதைக் கொண்டு தேர்வது? பட்டியலை மூடிவிட்டு, வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலைக்கு நடந்து செல்லுங்கள். அதிபரிடம் கேளுங்கள்: முதல் மூன்று வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள்? (மாகாண விதிப்படி பெரும்பாலான வகுப்புகளில் 20 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, எதிலும் 23ஐத் தாண்டக்கூடாது.) வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள்? 2023இல் மொழிப் பாடத்திட்டம் மாறி, எழுத்தொலிகளை முறையாகக் கற்பிக்கும் வழிக்குத் திரும்பியிருக்கிறது. பாலர் வகுப்பின் இரண்டாம் ஆண்டு முதல் இரண்டாம் வகுப்பு வரை வாசிப்புப் பரிசோதனையும் நடக்கிறது. என் பிள்ளையின் முடிவை எப்போது காட்டுவீர்கள்? ஆசிரியர்கள் இங்கே எவ்வளவு காலம் நிலைத்திருக்கிறார்கள்? இடைவேளையில் தனித்து நிற்கும் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் எந்தத் தசமப் புள்ளியையும்விடப் பெறுமதியானவை.

பாடசாலை போதாததாகத் தெரிந்தால், ஓடாதீர்கள். உள்ளே சென்று திருத்துங்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பாடசாலைப் பேரவை இருக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு முதல் விதி. கல்வியாண்டின் முதல் 30 நாள்களுக்குள் அதற்குத் தேர்தல். 2025 ஜூனில் ரொறன்ரோவின் இரு ஆங்கிலக் கல்விச் சபைகளையும் மாகாண அரசு மேற்பார்வையாளரின் கீழ் கொண்டுவந்தது. அதன்பின் பெற்றோரின் குரலுக்கு இந்தப் பேரவைகள் முன்னிலும் முக்கியமாகிவிட்டன. அக்கூட்டங்களில் நம்மவரை எங்கே காண்பது? போதிய எண்ணிக்கையிலான மாணவர்களின் பெற்றோர் எழுத்தில் கேட்டால், ஆரம்ப வகுப்புகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தக் கல்விச் சபை கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கையொப்பங்களை நம் ஆலய வாசலில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் திரட்டலாமே! தமிழ் அழிகிறது என்று புலம்பும் நேரத்தில் பாதி போதும்.

ஆகவே, வரும் இரு ஞாயிறுகளிலும் திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் இருப்பேன். பாலர் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பவிருப்போர் வாருங்கள். தமிழ் வகுப்புக்கான விண்ணப்பத்தை அங்கேயே எழுதுவோம். பேரவைத் தேர்தலில் நிற்க விரும்புவோர் பெயரைத் தாருங்கள். முகவரிப் பொய்யில் சிக்கியிருப்போர் அஞ்சாமல் தனியே வந்து பேசுங்கள். திருத்திக்கொள்ள வழி உண்டு.

உங்கள் பிள்ளை கடவுளின் கையெழுத்து. அதைப் பத்துக்கு எத்தனை என்று எவரும் திருத்திப் புள்ளியிட விடாதீர்கள்.

செபத்திலும் ஆசீரிலும் உங்களோடு,
பங்குத்தந்தை